சகலை வீட்டுக் கோள்

மாமியார் வெந்த ஆட்டின் நெஞ்சுக்கறியை எடுத்து நேராக எர்முகானின் தட்டில் வைத்தாள். குவானிஷின் தட்டில் முதுகெலும்புத் துண்டு ஒன்று விழுந்தது. அதில் கறியே இல்லை என்று சொல்ல முடியாது. தேடினால் கிடைக்கும்.

எங்கள் ஜெஸ்காஸ்கன் ஊரில் நெஞ்சுக்கறியை யாரும் ருசிக்காகச் சாப்பிடுவதில்லை. அது மாப்பிள்ளைக்குச் செய்கிற மரியாதை. வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள் இருந்தால் மூத்தவனுக்குத்தான் அது போகும். கல்யாணம் ஆன நாளிலிருந்து குவானிஷ்தான் அதைச் சாப்பிட்டு வந்தான். இன்றைக்கு அது அவன் மூக்குக்கு முன்னாலேயே ஆவி பறக்க நகர்ந்து, கொழுந்தியாளின் புருஷனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

"தப்பா நினைக்காதீங்க மாப்ளே," என்றாள் மாமியார். "சின்ன மாப்ளே என் பொண்ணு பேரை வானத்துல எழுதியிருக்காரு. அதுக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டாமா?"

"நானும்தானே அத்தை எழுதியிருக்கேன்?"

மாமியார் அடுத்த துண்டை எடுக்கச் சட்டிப் பக்கம் திரும்பினாள். கொழுந்தியாள் அய்சுலு குனிந்துகொண்டு தோளைக் குலுக்கினாள். இருமுகிற மாதிரிதான் இருந்தது, ஆனால் இருமல் இல்லை. குவானிஷின் மனைவி ஷோல்பான் மட்டும் முகத்தில் எதையும் காட்டாமல் அவன் கிண்ணத்தில் தேநீரை விளிம்புவரை ஊற்றினாள். நாங்கள் தேநீரை அரைக் கிண்ணம்தான் ஊற்றுவோம். நிரப்பி ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

எல்லாம் ஷெக்சிஸ் பண்ணின வேலை. ஷெக்சிஸ் என்றால் எல்லையில்லாதது. தலைநகரத்துப் பொடியன்கள் சிலர் வருஷக்கணக்காகக் கண் விழித்துச் செய்த விண்வெளி விளையாட்டு அது. பிரபஞ்சம் முழுவதையும் அதற்குள் அடைத்துவிட்டோம், எண்ணி மாளாத கோள்கள் இருக்கின்றன, முதலில் போய் இறங்குகிறவன் பெயர் வைக்கலாம், வைத்த பெயர் வைத்ததுதான் என்று விளம்பரம் செய்தார்கள். எங்கள் ஊருக்கு விண்வெளி புதிதல்ல. ஊருக்கு வெளியே புல்வெளியில் நிஜமாகவே வானத்திலிருந்து விண்வெளி வீரர்கள் வந்து இறங்குவார்கள். அவர்களை அழைத்துப்போக ஹெலிகாப்டர் வந்தால், தூசி பறக்குமே என்று பெண்கள் காயப்போட்ட துணியை எடுத்து உள்ளே வைப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் சோபாவில் உட்கார்ந்தபடியே வானத்துக்குப் போகலாம் என்றதும் ஊருக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது.

குவானிஷ் வீடுகளுக்குப் பிளாஸ்டிக் ஜன்னல் பொருத்துகிறவன். ஜன்னல் வேலை முடித்து வந்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, ஏதோ நிஜமாகவே பயணம் போகிறவன் மாதிரி அந்த விளையாட்டின் முன்னால் உட்கார்ந்தான். அவன் போய் இறங்கிய நேரம் அந்தக் கோளில் ராத்திரி. ஒரே கும்மிருட்டு. காற்று மட்டும் ஓ என்று இரைந்தது.

"கடல்!" என்று கத்தினான். "அலை சத்தம் கேக்குது பாரு!"

ஷோல்பானைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோளுக்கு ஷோல்பான் என்று பெயர் பதிந்தான். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு அங்கே பொழுது விடிந்தது.

"இது என்னங்க?" என்றாள்.

"மலை."

"எங்கம்மா குளியலறையில குதிகால் தேய்க்க ஒரு கல்லு வெச்சிருக்காங்களே, அது மாதிரி இருக்கு."

"சூரியன் நல்லா மேல வரட்டும், இரு."

சூரியன் நன்றாக மேலே வந்தது. கல் இன்னும் நன்றாகத் தெரிந்தது. குவானிஷ் மேற்கொண்டு பார்க்கவில்லை, பட்டென்று டிவியை அணைத்தான்.

அதே வாரம் அவன் சகலை எர்முகானும் ஷெக்சிஸ் ஆடினான். ஆடினான் என்பதே அதிகம். டயர் கடை நடத்துகிற மனுஷன், சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே, மிச்சமிருந்த கையால் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினான். பச்சைப் பசேல் என்று ஒரு கோள் வந்து நின்றது. நடுவில் ஏரி, மேலே இரண்டு நிலா. "அட, நல்லாருக்கே," என்றான். அய்சுலு என்று பெயர் வைத்தான். மறுபடியும் விதை கொறிக்கப் போய்விட்டான். குவானிஷுக்கு அதுதான் பொறுக்கவில்லை. பாடுபட்டுக் கிடைத்திருந்தாலாவது மன்னித்திருப்பான்.

ஷோல்பான் என்றால் எங்கள் பாஷையில் வெள்ளிக் கோள். நீங்கள் சுக்கிரன் என்பீர்கள். அதிர்ஷ்டம் அடித்தவனைப் பார்த்துச் சுக்கிர தசை என்றும் சொல்வீர்கள். ஆக, சுக்கிரன் குடியிருந்தது குவானிஷ் வீட்டில். தசை அடித்தது மட்டும் சகலை வீட்டில்.

அதோடு போனதா? புதிதாக ஒன்றைக் கண்ணால் பார்த்தால் பார்த்தவர் ஏதாவது கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மணப்பெண்ணோ, குழந்தையோ, காரோ, எதுவானாலும் சரி. கொரிம்திக் என்போம், பார்வைச் சீர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எர்முகானின் கோளைப் பார்க்கச் சொந்தபந்தம் எல்லாம் வரிசை கட்டியது. ஒருவர் போர்வை, ஒருவர் தேநீர்க் கிண்ணங்கள், இன்னொருவர் ஒரு முழு வான்கோழி. குவானிஷும் போக வேண்டியிருந்தது. எதைப் பார்த்தால் வயிறு எரியுமோ அதைப் பார்ப்பதற்கு, கையில் ஒரு ஜோடி துண்டோடு போய் நின்றான்.

"வாங்க சகலை!" என்று எர்முகான் நிஜமான சந்தோஷத்தோடு கட்டிக்கொண்டான். "உங்களோடது எப்படி இருக்கு?"

"இருக்கு," என்றான் குவானிஷ்.

அவன் மட்டுமா? நாடே இரண்டாகப் பிளந்து கிடந்தது. பசுமை வாய்த்தவர்கள் ஷெக்சிஸை மனித குலத்தின் சாதனை என்றார்கள். பாறை வாய்த்தவர்கள் பகல் கொள்ளை என்றார்கள். எனக்கு நல்லது விழுந்தது, உனக்கு விழவில்லை என்று ஒருத்தராவது ஒப்புக்கொள்ள வேண்டுமே! பசுமைக்காரர்கள் பொறுமை, ரசனை, தனிமையின் ஆழம் என்று பேசினார்கள். பாறைக்காரர்கள் வெறுமை, ஏமாற்றம், காற்றில் போன வாக்குறுதி என்று பேசினார்கள். நெஞ்சுக்கறி கைமாறிய அன்றைக்கு வீட்டுக்கு வந்த குவானிஷ், கோட்டைக்கூடக் கழற்றாமல் தன் விமரிசனத்தை எழுதிப் போட்டான்: "இது பிரபஞ்சம் அல்ல, கல் குவாரி." ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தான். அதையும் கொடுக்காமல் விட வழியில்லையே என்றுதான் கொடுத்தான்.

அடுத்த வாரமே கருத்து ஒற்றுமை வாரியத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்.

இப்படி ஒரு வாரியம் இருப்பதே குவானிஷுக்கு அன்றைக்குத்தான் தெரியும். இவ்வளவு பெரிய பிரபஞ்சத்தைச் செய்து வைத்துவிட்டு, அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று இரண்டு விதமாகப் பேசிக்கொண்டிருந்தால் வெளிநாட்டுக்காரன் சிரிக்க மாட்டானா என்று யாரோ ஒரு பெரியவருக்குக் கவலை வந்ததாம். அந்தக் கவலைக்கு ஒரு கட்டடம், ஒரு இயக்குநர், ஒரு கார், ஓட்டுநர் எல்லாம் ஒதுக்கியிருந்தார்கள். வாசலில் "ஒரே வானம், ஒரே கருத்து" என்று பலகை. உள்ளே இரண்டு கதவுகள். ஒன்றில் "பாராட்டுவோர்". இன்னொன்றில் "பாராட்டவிருப்போர்".

இரண்டாவது கதவுக்குப் பின்னால் குல்ஜஹான் என்ற குமாஸ்தா அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"விமரிசனத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றான் குவானிஷ். "எடுக்கச் சொன்னா எடுத்துடறேன். என் பொண்டாட்டி பேரு மாட்டிக்கிச்சு, அதை மட்டும் எடுத்துக் குடுங்க. என் கோள் வெறும் பாறை..."

குல்ஜஹான் துள்ளி எழுந்து கதவைச் சாத்தினாள். "அந்த வார்த்தையை இங்க சொல்லாதீங்க! சுற்றறிக்கை வந்திருக்கு."

"எந்த வார்த்தையை?"

"இப்ப சொன்னீங்களே, அதை."

"பாறையா?"

"ஐயோ, மறுபடியும் சொல்றாரே இந்த மனுஷன்!"

பாறை, கல், கூழாங்கல் ஆகிய சொற்கள் விளையாட்டின் பெருமைக்குக் களங்கம் விளைவிப்பதால் அவற்றுக்குப் பதிலாகப் "பசுமை நிலுவைக் கோள்" என்றே சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. எங்கள் மொழியில் கல்லுக்குத் தாஸ் என்று பெயர். உத்தரவில் கையெழுத்துப் போட்ட இயக்குநரின் பெயரோ தாஸ்தெமிர். கையெழுத்துப் போட்ட மறுநாள்தான் அவருக்கு அது உறைத்தது. அன்றிலிருந்து பெயர்ப் பலகையின் முதல் பாதியில் வெள்ளைத் தாள் ஒட்டி, வெறும் தெமிர் ஆகிவிட்டார். சிறுநீரகக் கல்லுக்கு ஆஸ்பத்திரியில் படுத்த ஒரு குமாஸ்தா, விடுப்பு விண்ணப்பத்தில் "சிறுநீரகத்தில் பசுமை நிலுவை" என்று எழுதினாராம். விடுப்பு உடனே கிடைத்தது.

பாதி தாஸ்தெமிர் குவானிஷை எழுந்து நின்று வரவேற்றார். குண்டான, அன்பான மனிதர்.

"நான் ஒளிவு மறைவில்லாம பேசறவன் தம்பி. இந்த விளையாட்டை நான் ஒரு தடவைகூட ஆடினதில்லை. ஏன்? ஆடினவனுக்கு ஒரு அபிப்பிராயம் வந்துடும். அபிப்பிராயம் வந்தவன் நடுநிலையா இருக்க முடியுமா? இந்த வாரியத்துல வேலைக்கு ஆள் எடுக்கறப்பவே கேட்போம், ஆடியிருக்கியான்னு. ஆடியிருந்தா அவ்வளவுதான், வெளியதான். அதனாலதான் இன்னிக்கு ஷெக்சிஸைப் பத்தி எங்களைவிடத் தெளிவாப் பேச நாட்டுல ஆளே இல்லை."

"ஐயா, பேரை எடுக்கணும்..."

"அதுலதான் சிக்கல். வானத்துல ஏற்கெனவே ஷோல்பான்னு ஒரு கோள் இருக்கே? ஷோல்பானை நீக்குன்னு நான் உத்தரவு போட்டு, நாளைக்குச் சாயங்காலம் அது மேற்கே தெரியாம போயிடுச்சுன்னா யாரு பதில் சொல்றது? நான்தானே? அதுகிட்டருந்து ஒரு ஆட்சேபணையில்லைன்னு வாங்கிட்டு வாங்க."

"எதுகிட்டருந்து?"

"ஷோல்பான்கிட்டருந்து."

குவானிஷ் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். கிண்டல் செய்கிற மாதிரி தெரியவில்லை. "எப்படிங்க வாங்கறது?" என்று கேட்டான். அவன் ஜன்னல் பொருத்துகிறவன்; அளவு கேட்டுத்தான் பழக்கம்.

"அதுக்கு முறை இருக்கு," என்றார் இயக்குநர் பெருமையோடு.

முறை என்னவென்றால், சாயங்காலம் வாரியத்து முற்றத்தில் மேடை போட்டு, வெள்ளி கண்ணுக்குத் தெரிந்ததும் மேற்கே திரும்பி ஒலிபெருக்கியில் அறிவிப்பைப் படிப்பது. அதற்கு முன்னால் தோம்ப்ரா என்கிற தந்தி வாத்திய வாசிப்பு இருந்தது, வந்தவர்களுக்கு பவுர்சாக் என்கிற எண்ணெயில் பொரித்த மாவுருண்டை இருந்தது. ஊர்க்காரர்கள் பிள்ளை குட்டிகளோடு வந்திருந்தார்கள். எர்முகானும் அய்சுலுவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அய்சுலு புது உடுப்பு போட்டிருந்தாள்.

"வானில் வசிக்கும் ஷோல்பான் அவர்களே!" என்று குல்ஜஹான் படித்தாள். "தங்கள் பெயருடைய பசுமை நிலுவைக் கோளிலிருந்து அப்பெயரை நீக்குவதில் தங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

எல்லாரும் வெள்ளியைப் பார்த்தார்கள். அது மினுக்கிக்கொண்டிருந்தது.

"சும்மா இருக்குதுங்க ஐயா," என்றாள் குல்ஜஹான்.

"சும்மா இருந்தா சம்மதம்னுதானே அர்த்தம்?"

"எங்க வீட்டுல சும்மா இருந்தா சண்டைன்னு அர்த்தமுங்க," என்றான் இயக்குநரின் ஓட்டுநர்.

இயக்குநர் குழம்பிப்போனார். சுற்றுமுற்றும் பார்த்தவர் கண்ணில் ஷோல்பான் பட்டாள். "அம்மா, உங்க பேரும் அதேதானே? நீங்களாவது சொல்லுங்க, ஆட்சேபணை இருக்கா?"

"இருக்கு," என்றாள் ஷோல்பான்.

அவள் மேடையைப் பார்த்து ஒரு அடி முன்னால் வந்தாள்.

"பேரை எடுத்துட்டாப் போதுமா? என் தங்கச்சி பேரு ஏரிக்கரையில இருக்கும், என் பேரு எங்கயுமே இருக்காது, அப்படித்தானே? இருந்துச்சு, புருஷன் எடுத்துட்டான்னு ஊரு சொல்லட்டுமா? எடுத்தா வேற நல்ல இடத்துல வைக்கணும்."

ஷோல்பான் ஆட்சேபித்துவிட்டதாக உடனே பதிவாயிற்று. எந்த ஷோல்பான் என்று யாரும் எழுதவில்லை, கேட்கவும் இல்லை. ஆக, பெயரை நீக்க முடியாது. ஒரு கோளிலிருந்து இன்னொரு கோளுக்கு மாற்றத்தான் முடியும். இன்னொரு கோள் என்றதும் குவானிஷின் கண் தன்னால் முன்வரிசைக்குப் போனது. எர்முகான் பவுர்சாக்கை மென்றுகொண்டிருந்தான்.

அதுவரை தன் வீட்டுக்கு ஒரு பசுமை கிடைக்காதா என்றுதான் அவன் ஏங்கியிருந்தான். அந்த நிமிஷத்திலிருந்து வேறு எந்தப் பசுமையும் வேண்டாம், அந்தப் பசுமைதான் வேண்டும் என்றாகிவிட்டது.

ஒரே குடும்பத்தில் இரண்டு கருத்து இருப்பது நாட்டுக்கு நல்லதல்ல என்று வாரியம் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. சகலைகள் கோள்களை மாற்றிக்கொண்டால் அவனும் பசுமையைப் பார்த்த மாதிரி ஆகும், இவனும் நிலுவையைப் பார்த்த மாதிரி ஆகும், கருத்து தானாக ஒன்றாகிவிடும் என்று இயக்குநர் கணக்குப் போட்டார். ஆனால் மாற்றுகிற பண்டங்கள் சம மதிப்பாக இருக்க வேண்டும் என்று விதி. அதனால் பாறையைப் பரிசோதிக்க ஒரு குழு குவானிஷ் வீட்டுக்கு வந்தது. இயக்குநரே தலைமை. எல்லாரும் சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து டிவியைப் பார்த்தார்கள். யாருக்கும் அதை இயக்கத் தெரியாது என்பதால் குவானிஷ்தான் இயக்கினான்.

வெகுநேரம் பார்த்தார்கள். கல். அப்புறம் கொஞ்சம் கல்.

"அதோ!" என்று இயக்குநர் துள்ளினார். "ஓரத்துல பாருங்க. பச்சை அசையுது!"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நிஜமாகவே பச்சையாக ஒன்று அசைந்தது. அவர்களுக்குப் பின்னால் இருந்த ஜன்னலின் திரைச்சீலை டிவிக் கண்ணாடியில் தெரிந்தது, அவ்வளவுதான். அந்த ஜன்னலைப் பொருத்தியவனே குவானிஷ்தான்.

"ஐயா, அது திரை..." என்று ஆரம்பித்தான். ஷோல்பான் அவன் விலாவில் கிள்ளினாள். வலி உயிர் போயிற்று.

"என்ன சொன்னீங்க?"

"திரையில நல்லாத் தெரியுதுன்னு சொன்னேனுங்க."

"பசுமை காணப்பட்டது" என்று குல்ஜஹான் எழுதி முத்திரை குத்தினாள். மறு உத்தரவு வரும்வரை இந்தக் கோளின் தோற்றத்தை யாரும் எந்த விதத்திலும் திருத்தக் கூடாது என்று இன்னொரு முத்திரை விழுந்தது. தன் வீட்டுத் திரைச்சீலையை ஒரு உலகமாக்கி சகலையின் தலையில் கட்டுகிறோம் என்பது குவானிஷுக்குத் தெரியும். கூச்சமாகத்தான் இருந்தது. அவர்கள் படியிறங்குகிறவரைக்கும் இருந்தது.

சமரச விருந்து மாமியார் வீட்டிலேயே நடந்தது. எர்முகானைக் கேட்டார்கள்.

"மாத்திக்கலாமே, அதுக்கென்ன?" என்றான் அவன். "சகலைக்கு ஆசையா இருக்கு, எடுத்துக்கட்டும். எனக்கு எதுவா இருந்தா என்ன?"

அய்சுலுதான் அழுதாள். "ஏன்க்கா, உன் புருஷன் கண்ணு எங்க வீட்டு மேலயே இருக்கு. கல்யாணத்தன்னிக்கு எங்க கம்பளத்தைப் பாத்தாரு, அப்புறம் காரைப் பாத்தாரு, இப்ப கோளு." ஷோல்பான் தங்கையின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

நெஞ்சுக்கறி குவானிஷின் தட்டுக்கு வந்தது. பச்சைக் கோளில் ஷோல்பான் என்ற பெயர் ஏறியது. பாறைக்கு அய்சுலு என்று ஆயிற்று. இயக்குநர் எழுந்து பேசினார். "சிலர் கேக்கறாங்க, கருத்து வேற்றுமை இருந்தா என்ன தப்புன்னு. நான் கேக்கறேன், கருத்து இருந்தாத்தானே வேற்றுமை? இந்தச் சின்ன விஷயம் ஒருத்தருக்கும் தோணலையே!" எல்லாரும் கை தட்டினார்கள். குவானிஷும் வாய் நிறையக் கறியோடு தட்டினான். கறி ருசியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எதிரே சகலை முதுகெலும்புத் துண்டை அப்படி ஒரு ரசனையோடு உறிஞ்சிக்கொண்டிருந்தான். பறிகொடுத்தவன் முகமா அது! அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில், தன் தட்டில் இருந்தது எப்போது காலியாயிற்று என்றே குவானிஷுக்குத் தெரியவில்லை.

வீட்டில் ஏரியும் இரண்டு நிலாவும் டிவியில் ஓடின. ஷோல்பான் சில நாள் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சீர் கொடுத்துவிட்டுப் போனார்கள். குவானிஷ் மட்டும் ஏரியைப் பார்க்கவில்லை. "அந்தப் பாறையை வெச்சிக்கிட்டு அவன் என்ன பண்றான்?" என்றுதான் தினமும் கேட்டான். "ஒரு வார்த்தை வருத்தமா சொன்னானா? உன் தங்கச்சிகிட்ட விசாரியேன்."

"விதை கொறிக்கறாராம்," என்றாள் ஷோல்பான்.

இந்தச் சமரசம் வெற்றி பெற்றதில் வாரியத்துக்குத் தலை கால் புரியவில்லை. ஒரு குடும்பத்துக்குச் செய்ததை நாட்டுக்கே செய்தால் என்ன? வாரியத்தின் உத்தரவுப்படி தலைநகரத்துப் பொடியன்கள் எல்லாக் கோள்களையும் பசுமையாக்கினார்கள். தனித்தனியாகச் செய்ய நேரமில்லை. சமரசத்தில் கைமாறியதால் வாரியத்தின் கோப்பில் ஏறியிருந்த நிஜப் பசுமை குவானிஷுக்குக் கிடைத்த ஏரிக் கோள் ஒன்றுதான். அதையே எடுத்து எல்லாக் கோள்களின் மேலும் அச்சடித்துவிட்டார்கள். அதே ஏரி, அதே இரண்டு நிலா. அவசரத்தில் பெயரும் சேர்ந்து போய்விட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிரபஞ்சம் முழுக்க ஷோல்பான் ஆகிவிட்டது.

முதல் நாள் குவானிஷ் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். இரண்டாம் நாள் பேருந்தில் பேச்சு அடிபட்டது.

"எங்க போனாலும் ஷோல்பான்தான்யா. தாங்க முடியலை."

"ஒரு தடவை பாத்தாப் போதும். அதுக்கு மேல ஷோல்பான்ல என்ன இருக்கு?"

"நான் ஷோல்பானை விட்டுட்டேன். இப்பத்தான் நிம்மதியா தூங்கறேன்."

ஜன்னல் பொருத்தப் போன வீட்டில் ஒரு கிழவர் அவனிடமே மனம் விட்டுப் பேசினார். "ஷோல்பான் மூஞ்சியைப் பாத்துப் பாத்து வாழ்க்கையே வெறுத்துப்போச்சு தம்பி. நீ பாத்திருக்கியா?" வாயில் திருகாணியைக் கவ்விக்கொண்டிருந்த குவானிஷ் ஆமாம் என்று தலையாட்ட வேண்டியிருந்தது. வீட்டில் இதை அவன் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இல்லை, ரொட்டிக் கடை வரிசையிலேயே ஷோல்பானின் காதுக்கு எல்லாம் வந்து சேர்ந்திருந்தது.

வாரியம் விழா எடுத்தது. "போன வருஷம் பாதிப் பேரு நல்லா இருக்குன்னான், பாதிப் பேரு நல்லா இல்லைன்னான்," என்றார் இயக்குநர். "இன்னிக்கு இந்த நாட்டுல ஒரு குடிமகன், ஒரே ஒரு குடிமகன் மாத்திப் பேசறானா? நல்லா இல்லைன்னு அத்தனை பேரும் ஒரே குரல்ல சொல்றாங்க! இந்த ஒற்றுமையைப் பாக்கத்தான் நான் உயிரோட இருந்தேன்." அவருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். பதக்கத்தில் பெயரை முழுசாகப் பொறித்திருந்தார்கள். பாறை ஒழிந்துவிட்டதால் அந்த வார்த்தைக்கு இனித் தடை இல்லையாம்.

ஆனால் பாறை ஒழியவில்லை. ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. ஏற்கெனவே பசுமை காணப்பட்ட கோள், தோற்றத்தை யாரும் திருத்தக் கூடாது என்று முத்திரை விழுந்த கோள். அச்சடித்த பொடியன்கள் அதைத் தொடாமல் விட்டுவிட்டார்கள். பிரபஞ்சத்திலேயே ஷோல்பான் அல்லாத ஒரே இடம். அதன் பெயர் அய்சுலு. அது எர்முகானிடம் இருந்தது.

தூரத்து நகரமான அல்மாட்டியிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். எர்முகான் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்தன. உள்ளே போனவர்கள் வெளியே வந்து செருப்பைத் தேடக்கூட மறந்து நின்றார்கள். என்ன மாதிரி விடியல், என்ன மாதிரி வெறுமை, அடடா என்றார்கள். முன்னே பகல் கொள்ளை என்று எழுதினவர்களும் அதில் இருந்தார்கள்.

குவானிஷுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அது என்னோட பாறை," என்றான். உத்தரத்தைப் பார்த்து, சுவரைப் பார்த்து, தேநீர்க் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னான். "நான் இறங்கின பாறை. முதல்ல கால் வெச்சது நான்."

"போய்ப் பாத்துட்டு வரலாம், வாங்க," என்றாள் ஷோல்பான்.

அவள் ஒரு பட்டுத் துணி எடுத்துக்கொண்டாள். சீர் இல்லாமல் போக முடியாதே. தன்னுடைய பாறையைத் தானே பார்ப்பதற்குக் குவானிஷ் சகலை வீட்டில் வரிசையில் நின்றான். அவன் முறை வந்தது. உட்கார்ந்தான். அங்கே அப்போது விடிகிற நேரம். முதலில் கல்லின் விளிம்பு மட்டும் சிவந்தது. பிறகு அந்தச் சிவப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கி, ஒரு பள்ளத்தில் தேங்கி, ஊதாவாகி, கடைசியில் கோள் முழுவதும் கொல்லனின் இரும்பு மாதிரி கனன்றது. குவானிஷ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"இது முன்னாலயும் இப்படித்தான் விடியுமா?"

"எனக்கென்ன தெரியும் சகலை? நான் பாத்த நாள்லருந்து இப்படித்தான்," என்றான் எர்முகான். குவானிஷின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு மனசு இளகிவிட்டது. "வேணும்னா திருப்பி மாத்திக்கலாமே? வாரியத்துல சொன்னா ஆச்சு. எனக்கு எதுவா இருந்தா என்ன?"

குவானிஷ் சடாரென்று எழுந்தான். "நிஜமாவா சொல்றீங்க சகலை? இன்னிக்கே போயிடலாமா?"

"வேண்டாம்," என்றாள் ஷோல்பான்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இங்கயே இருக்கட்டுங்க. இங்க இருந்தாத்தான் நீங்க பாக்கறீங்க. நம்ம வீட்டுல இருந்தப்ப சூரியன் முழுசா வரதுக்குள்ள டிவியை அணைச்சீங்க. ஏரி வந்துச்சு, அதையும் பாக்கலை. நாளைக்கு இது வந்தாலும் இவர் விதை கொறிக்கறதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பீங்க."

"அப்படியெல்லாம் இல்லை ஷோல்பான்..."

"பேசாம என்னையும் தங்கச்சி வீட்டுலயே விட்டுட்டுப் போங்க. அப்பத்தான் உங்க கண்ணுக்கு நான் நல்லாத் தெரிவேன்."

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அல்மாட்டிக்காரர் ஒருவர் கை தட்டினார். எர்முகான் சிரித்தான், அய்சுலு சிரித்தாள். பொண்டாட்டி நல்ல ஜோக் அடித்துவிட்டாள் என்று குவானிஷும் சேர்ந்து சிரித்தான். சிரித்து முடித்து, "சரி வா, கிளம்பலாம்," என்று திரும்பினான்.

ஷோல்பான் கோட்டைக் கழற்றித் தங்கையின் கோட்டுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.